சூளை அக்கா கையெழுத்துப் போடாத தாள்

அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் "சூளை அக்கா எங்கே?" என்று யாரைக் கேட்டாலும் கோடியில் இருக்கும் கழுவறையைக் கைகாட்டுவார்கள். குறுகலான நீண்ட அறை. இரண்டு எஃகுத் தொட்டிகள், சுவரோரம் ஓர் ஆட்டோகிளேவ், அதற்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் அடுப்பு. பத்தொன்பது வருஷமாக அந்த மாடியின் குடுவைகளும் குப்பிகளும் அவள் கையைத் தாண்டித்தான் மேஜைக்குப் போயின. கழுவி, ஆட்டோகிளேவில் அவித்து, அதோடு விடாமல் அடுப்பில் இருநூற்றைம்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வாட்டுவாள். அதனால் வந்த பெயர்தான் சூளை. முதலில் கேலிக்கு வைத்தார்கள். பிறகு அவளே தொலைபேசியை எடுத்து "சூளை பேசுறேன்" என்று சொல்ல ஆரம்பித்ததும் கேலி செய்தவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

அந்த வாட்டலுக்குக் காரணம் இருந்தது. கிருமியைக் கொல்வது பெரிய வித்தையில்லை. ஆட்டோகிளேவின் ஆவியில் இருபது நிமிஷம் இருந்தால் செத்துவிடும். ஆனால் செத்த கிருமியின் மேல்தோல் கண்ணாடியில் அப்படியே ஒட்டிக் கிடக்கும். அந்தத் தோலில் கொழுப்பும் சர்க்கரையும் பின்னிய ஒரு பொருள் உண்டு. அது ஆவிக்கெல்லாம் அசையாது. நம் ரத்தத்திலும் தசையிலும் காவல் நிற்கும் வெள்ளணுக்கள் அதில் ஒரு துளி பட்டாலே போதும், கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டிவிடும். இதைப் படித்து வருவதில்லை அந்த அணுக்கள், பிறக்கும்போதே தெரிந்துவைத்திருக்கின்றன. வந்தது உயிருள்ள கிருமியா, செத்த கிருமியின் சட்டையா என்று நின்று விசாரிக்கிற வழக்கமும் அவற்றுக்கு இல்லை. ஆகவே வெள்ளணுக்களை வைத்துச் சோதனை செய்யும் கூடத்தில், வெறும் சுத்தம் சுத்தமே அல்ல.

அவளுக்கு இது வேலையில் சேருமுன்பே தெரியும். அவள் தம்பி முப்பது வயதில் காலில் ஆணி குத்திய புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டான். மருந்து கிருமியைக் கொன்றுவிட்டது என்றும், கிருமியைப் பார்த்து உடம்பு போட்ட கூச்சல்தான் அடங்கவில்லை என்றும் டாக்டர் விளக்கினார். செத்த எதிரியைப் பார்த்து ஓர் உடம்பு தன்னையே அழித்துக்கொள்ளுமா என்று அவள் கேட்டாள். அந்த டாக்டர் நல்ல மனிதர். ஆமாம் என்றார். அதற்கு அடுத்த வருஷம் இந்தக் கூடத்தில் கழுவுகிற வேலைக்கு ஆள் எடுத்தபோது, வேறு வேலை கிடைக்கும் என்று தெரிந்தும் அவள் இதற்குத்தான் மனுப் போட்டாள்.

மூன்றாம் மாடியின் தலைவர் பெரிய பேராசிரியர். நெற்றிப்பொட்டு நரைத்த, இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் ஒரு கிருமியைத்தான் பத்து வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கிருமி விஷயத்தில் வெள்ளணுக்களை உசுப்புவது முழுக்க அந்தக் கொழுப்புச் சர்க்கரைதான் என்பது அவர் கட்சி. கிருமியின் மேல்தோலில் கொக்கி கொக்கியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம் உண்டு. அது சதையைப் பிடித்துத் தொங்குவதற்கு மட்டும்தான், வெள்ளணுக்கள் அதைச் சட்டை செய்வதே இல்லை என்று மூன்று கட்டுரைகளில் எழுதியிருந்தார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவிக்கு இதை நேரடியாக நிரூபிக்கும் வேலை. அவள் அந்தக் கொக்கிப் புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து வெள்ளணுக்கள் மேல் விட்டாள். அணுக்கள் சும்மா இருந்தால் சோதனைத் தட்டின் குழிகள் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். கூச்சல் போட்டால் மஞ்சளாகும். எவ்வளவு கூச்சலோ அவ்வளவு மஞ்சள்.

தட்டு பளீரென்று மஞ்சளானது. இரண்டாம் முறை செய்தாள். அதே மஞ்சள்.

தலைவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்: அழுக்கு. கொக்கி சத்தம் போடாது. ஆகையால் கண்ணாடியில் ஒட்டியிருந்த கொழுப்புச் சர்க்கரைதான் சத்தம் போட்டிருக்கிறது. ஆகையால் கழுவியவர் தப்பு. மூன்று படியில் காரியத்தை முடித்துவிட்டார். மறுநாள் காலை கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் ஒரு தாளை மேஜையில் நகர்த்தினார். கலன்களைச் சரிவரத் தூய்மை செய்யாததால் கலப்படம் நேர்ந்தது என்று அதில் தட்டச்சாகியிருந்தது. அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

மாணவி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். இன்னும் ஐந்து மாதத்தில் அவள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதில் அவர் கையெழுத்து வேண்டும்.

சூளை அக்கா தாளை எடுத்து நிதானமாக இரண்டு தடவை படித்தாள்.

"ஒரு கையெழுத்துதானம்மா," என்றார் தலைவர், பெரிய மனசு பண்ணுகிற குரலில். "யாரும் உங்களை வேலையைவிட்டு அனுப்பப் போறதில்ல."

"செஞ்சிருந்தா போடுவேன் சார். செய்யல."

கூட்டத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தலைவர் சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை வரை யோசிக்கும்படியும், அதற்குள் மனசு மாறாவிட்டால் கீழ்த்தளத்துச் சரக்கறைக்கு மாற்றல் தயாராக இருக்கும் என்றும் சொன்னார். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். கழுவறைக் கதவைச் சாத்தினாள். கோபத்தோடு கண்ணாடியைத் தொடக்கூடாது என்பதால் தரையைத் தேய்த்தாள். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டில் அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். சாயங்காலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கதையையும் கேட்டான். போட்டுவிட்டுப் போயேன், சரக்கறையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், முதுகாவது மிஞ்சும் என்று முதலில் சொன்னான். அவள் பார்த்த பார்வையில் அந்த யோசனையை அப்படியே விழுங்கினான்.

"லிப்ட் நடுவுல நின்னா எல்லாரும் மெக்கானிக்கைத்தான் திட்டுவாங்க," என்றான். "நான் வாயே திறக்க மாட்டேன். முதல்ல கரண்ட் வருதான்னு பார்ப்பேன். உங்க அழுக்கைப் பார்க்க ஏதும் வழி இல்லையா?"

இருந்தது. குதிரைலாட நண்டு என்று ஒரு கடல்பிராணி. அதன் ரத்தத்திலிருந்து எடுத்த பொடியை அடைத்த சின்னக் குழாய்கள் கூடத்தின் குளிர்பெட்டியில் எப்போதும் இருக்கும். சந்தேகப்பட்ட நீரை அதில் விட்டு, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். கொழுப்புச் சர்க்கரை இருந்தால் கூழாக உறைந்து மேலேயே ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் வழிந்துவிடும். எந்தக் கலப்படப் புகாருக்கும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யவேண்டும் என்று விதி. அந்த விதித்தாள் கழுவறைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது, ஒட்டியவளே அவள்தான். கோபத்தில் அவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

மறுநாள் அவள் ஒளிந்து மறைந்து எதையும் செய்யவில்லை. விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, கலப்படச் சோதனை செய்ய அனுமதி கேட்டுக் கடிதம் எழுதித் தலைவர் மேஜையில் வைத்தாள். அவர் ஓரத்தில் "செய்து பார்க்கட்டும்" என்று கிறுக்கிக் கொடுத்தார். அதை வாங்கிக் கழுவறைக் கதவில், எல்லார் கண்ணிலும் படுகிற உயரத்தில் ஒட்டினாள்.

மத்தியானம் மாணவி வந்து வாசலில் நின்றாள். கூட்டத்தில் தான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள்.

"அதெல்லாம் அப்புறம் அழுதுக்கலாம்," என்றாள் சூளை அக்கா. "புரதம் மிச்சம் இருக்கா?"

உறைபெட்டியில் ஆறு குழாய் இருந்தது.

முதலில் தன் கண்ணாடியையே சோதித்தாள். அடுப்பிலிருந்து வந்த குடுவைகள் ஆறு, விலைக்கு வாங்கிய புதுப்புட்டித் தண்ணீரில் அலசிய நீர் ஆறு குழாயில். கவிழ்த்தபோது ஆறும் வழிந்தன. மாணவி கைதட்டப் போனாள். அடுத்துப் புரதத்தைச் சோதித்தார்கள். கவிழ்த்த குழாயில் கூழ் லேசாக, ஆனால் வழியாமல் நின்றது. புரதத்தில் அழுக்கு இருந்தது.

சூளை அக்கா குழாயை இன்னொரு தடவை கவிழ்த்துப் பார்த்தாள். மாணவி மெதுவாக, இதை எழுதாமல் விட்டால் என்ன, கண்ணாடி சுத்தம் என்று காட்டியாயிற்றே, அது போதுமே என்று சொல்லிப் பார்த்தாள். சூளை அக்கா பேனாவை எடுத்து நோட்டில் தேதி போட்டு எழுதினாள்: புரதம், உறைந்தது. எழுத்து எப்போதும்போல் உருண்டையாக விழுந்தது.

"அவர் சொன்னதுல பாதி சரி. அழுக்கு இருக்கு. எங்கிருந்து வந்துதுன்னு பார்ப்போம்."

ஒவ்வொன்றாகப் பின்னால் போனார்கள். புரதத்தைக் கரைத்த உப்புக்கரைசல் உறைந்தது. கரைசல் செய்த உப்பைப் புதுப்புட்டித் தண்ணீரில் கரைத்தார்கள், அது வழிந்தது. கடைசியில், கூடத்துக்கே தண்ணீர் தரும் சுத்திகரிப்புக் குழாயிலிருந்து நேரே பிடித்த நீரைச் சோதித்தார்கள். கெட்டியாக உறைந்தது. அந்த இயந்திரத்தின் வடிகட்டியை மாற்றச் சொல்லி அவள் ஒன்றரை வருஷத்தில் மூன்று கடிதம் கொடுத்திருந்தாள். மூன்றிலும் "பிறகு பார்க்கலாம்" என்று தலைவர் கைப்பட எழுதித் திருப்பியிருந்தார். கடிதங்களை அவள் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள்.

இதோடு அவள் தலை தப்பியது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். மாணவியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சூளை அக்கா நாற்காலியில் உட்கார்ந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரதக் குழாயில் கூழ் லேசாகத்தான் உறைந்திருந்தது. தட்டிலோ மஞ்சள் கண்ணைப் பறித்தது. இவ்வளவு சின்ன அழுக்குக்கு அவ்வளவு பெரிய கூச்சலா?

கேள்வி அவளுடையது, வழியும் அவளுக்குத் தெரிந்ததுதான். கொதிக்க வைத்தால் இந்தப் புரதம் உருக்குலைந்துவிடும். கொழுப்புச் சர்க்கரை கொதிநீருக்கு அசையாது. அது அசையாது என்பதற்காகத்தானே பத்தொன்பது வருஷமாக அடுப்போடு மாரடிக்கிறாள். மாறாக, கொழுப்புச் சர்க்கரையை மட்டும் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து ஒன்று உண்டு. அது புரதத்தைத் தொடாது. ஆக, புரதத்தை நாலு பங்காக்கினால் போதும். முதல் பங்கு உள்ளது உள்ளபடி. இரண்டாவதைக் கொதிக்க வைப்பது. அதில் அழுக்கு மட்டும் வேலை செய்யும். மூன்றாவதில் மருந்து போடுவது. அதில் கொக்கி மட்டும் வேலை செய்யும். நாலாவதற்கு இரண்டும். கூடவே, தனிக் கொழுப்புச் சர்க்கரையை வாங்கிவைத்திருந்த புட்டியிலிருந்து எடுத்து அதையும் அதேபோல் நாலாக்கினாள், மருந்து பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காக.

மாணவி வெள்ளணுக்களைத் தட்டில் பரப்பிக் கொடுத்தாள். எட்டுப் பங்கையும் விட்டார்கள். ஒரு நாள் காத்திருந்தார்கள். அந்த ஒரு நாளில் சூளை அக்கா கழுவிய குடுவைகளையே மறுபடி கழுவினாள் என்று மாணவி பிறகு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நிறம் காட்டும் திரவத்தை ஊற்றினார்கள். முதல் பங்கு பளீர் மஞ்சள். கொதித்த பங்கு, வெளுத்த காகிதம் போல, மஞ்சளா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு. மருந்து போட்ட பங்கு பளீர் மஞ்சள். இரண்டும் செய்த பங்கு தண்ணீர். புட்டிச் சரக்கோ கொதிக்க வைத்தும் மஞ்சளாகவே நின்றது, மருந்து பட்டதும் தெளிந்தது. மருந்தும் நல்ல மருந்து, கொதிப்பும் நல்ல கொதிப்பு. அழுக்கு போட்டது முனகல்தான். கூப்பாடு போட்டது கொக்கி.

மாணவி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் ஆய்வேட்டின் முதல் வாக்கியமே தலைகீழாகிவிட்டது. சூளை அக்கா தம்பியை நினைத்தாள். அவனைக் கொன்றது இதே கிருமியா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. ஆனால் செத்த கிருமியின் சட்டையில் எந்தப் பித்தான் உடம்பை அலற வைக்கிறது என்பதில் ஒன்றைத் தன் கண்ணால் பார்த்துவிட்டாள். ஆறுதல் என்று சொல்ல முடியாது. சும்மா இருந்ததற்கு இது மேல்.

திங்கட்கிழமை கூட்டத்துக்குப் பக்கத்துத் துறைப் பேராசிரியையும் வந்திருந்தார். புகார் என்றால் வெளியாள் ஒருவர் உட்கார வேண்டும் என்பதும் அதே விதித்தாளில் இருந்தது. சூளை அக்கா தாளை மேஜையில் வைத்தாள். கையெழுத்துக் கோட்டின்மேல் "ஏற்கவில்லை. காரணம் பின்பக்கம்" என்று எழுதியிருந்தது. பின்பக்கம் முழுக்க அவளுடைய உருண்டை எழுத்து. பக்கத்தில் தட்டின் படம், வடிகட்டிக் கடிதங்கள் மூன்று.

தலைவர் படித்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. கொதிக்க வைத்தது எத்தனை நிமிஷம் என்று கேட்டார். சொன்னாள். மருந்தின் அளவைக் கேட்டார். சொன்னாள். புரதத்திலும் அழுக்கு இருந்ததை அவளே எழுதியிருக்கிறாளே என்று சுட்டிக்காட்டினார். இருந்தது, அதனால்தான் எழுதினேன் என்றாள். கடைசியில் அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் கழுவுற வேலையில சேராதும்மா," என்றார்.

"அழுக்கு என் வேலைன்னு சொன்னது நீங்கதான் சார். அதான் பார்த்தேன். எங்க ஆரம்பிக்குதுன்னு பார்த்தேன், எங்க முடியுதுன்னும் பார்த்தேன். அது முடிஞ்ச பிறகும் மஞ்சள் இருக்கு. அதுக்கு நான் பொறுப்பில்ல."

பேராசிரியை இருமுவது போலச் சிரித்தார். வடிகட்டியை மாற்றி, புதுத் தண்ணீரில், வேறொருவர் கையால் மூன்று முறை இதே சோதனையைச் செய்துபார்ப்பதுதான் முறை என்றார். தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்போது மாணவி எழுந்து, கூடவே நின்று செய்தவள் தான்தான் என்றும், அன்றைக்கே பேசாதது தன் தப்பு என்றும் எல்லார் முன்னாலும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை உட்காரவில்லை.

சரக்கறை மாற்றல் அதோடு பேச்சில் இல்லை. மூன்று முறையும் அதே முடிவு வந்தது. சுத்தத் தண்ணீரில் செய்தபோது, கொதித்த பங்கு தானாகவே தெளிந்துவிட்டது. சில மாதம் கழித்து, அணுவின் மேல்தோலில் கொக்கியை உணரும் வாசலாக இருக்கலாம் என்று நினைத்த ஓரிடம் அடைபட்ட வெள்ளணுக்களை வேறு கூடத்திலிருந்து வரவழைத்தார்கள். அவை கொக்கியைக் கண்டு மூச்சுக்கூட விடவில்லை. ஆக, வாசலும் தெரிந்துபோயிற்று.

கட்டுரை எழுதும்போது அடுத்த சண்டை வந்தது. கடைசி வரியில் கலன் தூய்மைக்காக அவளுக்கு நன்றி என்று தலைவர் போட்டிருந்தார். அவள் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"நன்றியை நேர்லயே சொல்லலாம் சார், நான் இங்கதான் இருக்கேன். அச்சுல போடுறதா இருந்தா நான் செஞ்சதைப் போடுங்க."

கழுவுகிறவர் பெயரை ஆசிரியர் வரிசையில் போடுகிற வழக்கம் எந்தக் கூடத்திலும் இல்லை என்றார். வழக்கம் இல்லாதது கொக்கி கத்துவதும்தான் என்றாள். இரண்டு மாதம் இழுபறி. யார் யார் என்ன செய்தார்கள் என்று கேட்கும் படிவத்தில் மாணவி நடந்ததை அப்படியே எழுதிவிட்டாள். வெட்டச் சொன்னதற்கு, வெட்டினால் தன் பெயரையும் சேர்த்து வெட்டச் சொன்னாள். மாணவி பெயரையும் வெட்டினால் சோதனையைச் செய்ததாகச் சொல்ல ஆளில்லை. கடைசியில் நாலாவது பெயராகச் சூளை அக்காவின் பெயர் வந்தது. புருஷன் அச்சான பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் உன் முழுப்பெயரை இப்போதுதான் அச்சில் பார்க்கிறேன், இந்தத் தடவையாவது எழுத்துப்பிழை இல்லை என்றான்.

தலைவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் வருஷக் கடைசியில் கட்டடத்தின் பெரிய கூடத்தில் அவர் இந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார். இருநூறு பேர் இருந்தார்கள். படங்களைத் திரையில் காட்டிக்கொண்டே, கொக்கிப் புரதத்தின்மேல் தங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். பின்வரிசையில் வேலை உடுப்போடு உட்கார்ந்திருந்த சூளை அக்கா கையைத் தூக்கினாள். கேள்வி நேரம் இன்னும் வரவில்லை. அவள் கையை இறக்கவில்லை. கூடத்தில் ஒவ்வொரு தலையாகத் திரும்ப, அவர் பேச்சை நிறுத்தி, என்ன என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். "அந்தச் சந்தேகம் எந்தத் தேதியில வந்துது சார்?"

அடுத்த படத்துக்குப் போகிற பொத்தானில் அவர் விரல் இருந்தது. அழுத்தவில்லை. மாணவி ஒரு பக்கமும் பேராசிரியை ஒரு பக்கமும் அவரையே பார்த்தார்கள். உட்காரச் சொல்லி யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கையை விடுவித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஒரு திங்கட்கிழமை," என்றார் தலைவர் கடைசியில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "இந்தம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து வெச்ச அன்னைக்கு."

பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.